பைய விடுங்க

‘நல்லா இருங்க’ என்று சொல்வதற்கு ஊரில் யாரும் காசு வாங்குவதில்லை, நான் வாங்கினேன். தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு டுடோரியல் கூடத்தைக் காலை வேளைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து, நல்வாழ்வுப் பயிற்சி வகுப்பு நடத்தினேன். விடியுமுன் எழுவது, நடப்பது, மென்று தின்பது, மூச்சைக் கவனிப்பது, இவ்வளவுதான் பாடம். சென்னைத் தலைமையகம் எனக்கு ஒரு சான்றிதழும் பெயர்ப்பலகையும் கொடுத்திருந்தது. என் மனைவி கொடுத்தது கெடு. சித்திரைக்குள் வகுப்பு நிலைத்து நிற்காவிட்டால், ஆழ்வார்குறிச்சியில் அவள் அப்பாவின் உரக்கடையில் போய் உட்கார வேண்டும். மாமனார் எனக்கென்று ஒரு நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார். வீட்டில் ஒருவரையாவது அதிகாலையில் எழுப்பிப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

எந்தப் பாதி?

சங்கரலிங்கம் அண்ணாச்சி ஓய்வு பெற்ற தாசில்தார். என் வகுப்பின் முதல் மாணவர். அவர் மகள் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாட்டுக்கு வகுப்பையே அழைத்திருந்தார். அந்த வாரம்தான் ‘பாதி வயிறு சாப்பிடுங்கள், ஒவ்வொரு கவளத்தையும் மெல்லுங்கள்’ என்று தொண்டை வறளப் பாடம் நடத்தியிருந்தேன்.

தேங்காய்ப்பால் சொதியில் மிதக்கும் முருங்கைக்காயையும் உருளைக்கிழங்கையும் பார்த்ததும் எனக்குப் பாடம் மறந்துபோனது. மெல்லவும் மறந்தேன். மறுசோற்றுக்கும் மேல் சோறு வாங்கிவிட்டு நிமிர்ந்தால், எதிர்ப்பந்தியில் மொத்த வகுப்பும் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தது. செரிக்காமல் போய்விடக் கூடாதே என்று அண்ணாச்சியே இஞ்சித் துவையலைக் கொண்டுவந்து என் இலையில் வைத்தார்.

“வெக்கப்படாம சாப்பிடுங்க சார். பாதி வயிறுன்னுதான சொன்னிய, எந்தப் பாதின்னு சொல்லலியே!”

மௌனப் பயிற்சி

தினமும் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தால் மனம் அடங்கும் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். அடுத்த வாரமே என் மாணவர் ஆறுமுகம் என்கிற வங்கி ஊழியரை, அவர் மனைவி கோமதி வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். புகழ்ச்சிக்குத் தயாராக நிற்கிற முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே, அப்படி நின்றேன்.

ஆறுமுகம் தரையைப் பார்த்தார். கோமதி என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

“சும்மா இருக்கச் சொல்லிக் குடுத்தது நீங்கதானா சார்? இவாள் கல்யாணம் ஆன நாள்லேருந்து அதத்தான செய்யுதாவ. பேசுததுக்கு ஏதாவது பயிற்சி இருந்தாச் சொல்லுங்க, நானும் வந்து சேருதேன்.”

எந்தப் பாடப்புத்தகத்திலும் அப்படி ஒரு பயிற்சி இல்லை. கடைசியில் ஆறுமுகம்தான் வாயைத் திறந்தார்.

“சரி, நாளைக்கு நீயும் நடக்க வா. பேசிக்கிட்டே போவோம்.”

சென்னை அதிகாரியின் பை

மாசி மாதம் தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி சோதனைக்கு வந்தார். அவர் திருப்தியாகப் போனால் வகுப்பு தொடரும். முகம் சுளித்தால் எனக்கு உரக்கடை. தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு, மாணவர்களோடு மாணவராகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

“கண்ணை மூடிக்கோங்க. மூச்சை நல்லா உள்ள இழுங்க. இப்பம் பைய விடுங்க” என்றேன். எங்கள் ஊரில் ‘பைய’ என்றால் மெதுவாக. வகுப்பு மெதுவாக மூச்சை விட்டது. அதிகாரி பையைத் தரையில் விட்டார். நான் கண்ணை மூடி, குரலைக் குழைத்து, “இன்னும் பைய… இன்னும் பைய” என்று உருகிக்கொண்டிருந்தேன். அவர் பாவம், இன்னும் விட வேண்டும் போலிருக்கிறது என்று பையைக் காலால் தள்ளித் தள்ளிச் சுவரோரம் கொண்டுபோய்விட்டார்.

நான் கண்ணைத் திறந்தபோது அவர் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. பதறிக்கொண்டு ஓடினேன். புஸ்ஸென்று காற்று வெளியே வந்தது.

“பையை அப்பவே விட்டுட்டேன் சார். மூச்சை எப்ப விடறதுன்னு நீங்க சொல்லவே இல்லையே!”

பழகிட்டுல்லா

அதிகாரி நல்ல மனிதர், வகுப்பு தொடரலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மனைவியிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். ஆனால் பங்குனியில் கூட்டம் கரையத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் நானும் காலி பெஞ்சுகளும் மட்டும் மிஞ்சினோம். எல்லோரும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். அண்ணாச்சியையாவது எழுப்பி இழுத்துவருவோம் என்று கோபத்தோடு சைக்கிளை எடுத்தேன்.

பாளையங்கோட்டையை அடுத்த வண்ணாரப்பேட்டை ஆற்றங்கரையில் என் மொத்த வகுப்பும் நடந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி முன்னால் கைவீசிப் போனார். பின்னால் கோமதி ஏதோ கேட்க, ஆறுமுகம் விலாவாரியாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்தது. அதே நெஞ்சுக்குள் யூரியா வாடையும் அடித்தது. “வகுப்புக்கு ஏன் வரல, அண்ணாச்சி?” என்றேன். நடையை நிறுத்தாமலே அவர் திரும்பிப் பார்த்தார்.

“வகுப்பா? அதான் எல்லாம் பழகிட்டுல்லா சார். முழிப்பு தன்னால வருது, காலு தன்னால நடக்கு. இனி நீங்க எதுக்குங்கேன்?”

பாடம் பலிக்காமல் இருந்தால்தான் இந்தத் தொழிலில் வாத்தியாருக்குப் பிழைப்பு என்பதை, மாமனாரின் உர மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.