வாப்பா வாசிக்காத பெயர்

எங்கள் ஊரில் வாப்பாவின் குரலுக்குப் பயப்படாதவர்கள் அன்றைக்குப் பிறந்த குழந்தைகள் மட்டும்தான். இத்தனைக்கும் வாப்பா ஒரு ஈ எறும்பைக்கூட அதட்டாத மனிதர். பள்ளிவாசலுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தார். ஆனால் ஊரில் யாராவது மரணித்தால் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவிப்பவர் அவர்தான். பாங்கு சொல்லும் மோதினாருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு ரமழானில், ஒரு நாளைக்கு மட்டும் என்று ஏற்றுக்கொண்ட வேலை அது. பிறகு அவர் தலையிலேயே விழுந்துவிட்டது.

முதலில் மைக்கை இரண்டு தட்டுத் தட்டுவார். அதன் பிறகு சற்று நேரம் ஒன்றும் வராது. வாப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடுகிற நேரம் அது என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே! அந்த இடைவெளியில் பெண்கள் அடுப்பைத் தணிப்பார்கள். சைக்கிளில் போகிறவன் ஒரு காலை ஊன்றி நிற்பான். பிறகு ஊர், தகப்பன் பெயர், ஆளின் பெயர், நல்லடக்கம் எத்தனை மணிக்கு என்று வரும். கேட்டவர்கள் எல்லாரும் 'இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்' என்று, மரணச் செய்தி கேட்டால் சொல்லும் வசனத்தை வாய்க்குள் சொல்லிவிட்டு, விட்ட வேலையைத் தொடர்வார்கள்.

வாப்பாவிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒரு துண்டுக் கடதாசியில் ஒரு பெயர்தான் எழுதுவார். துண்டு கையில் இல்லாமல் எந்தப் பெயரையும் வாசிக்க மாட்டார். முன்பு ஒருமுறை யாரோ வாயால் சொன்னதை நம்பி, உயிரோடு இருந்த ஒருவரை வாசித்துவிட்டார். அந்த மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தையல் கடைக்கே வந்து, "தம்பி, நான் மௌத்தாமே, எத்தின மணிக்கு அடக்கம்?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து இந்தச் சட்டம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பக்கத்து வீட்டு ஹாஜியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி இல்லை என்று அவருடைய மகன் வந்து சொன்னதைக் கேட்டு, வாப்பா பகல் சாப்பாட்டுக்கு முன்பே துண்டை எழுதித் தையல் மெஷின் லாச்சிக்குள் வைத்தார். ஹாஜியார் மௌத்தானது பின்னேரம், அஸர் தொழுகை நேரத்துக்கு. லாச்சிக்குள் நூற்கட்டை எடுக்கப்போன நான், ஆள் உயிரோடு இருக்கும்போதே அந்தத் துண்டைப் பார்த்துவிட்டேன். என் மண்டைக்குள் கணக்கு முடிந்துவிட்டது. மௌத்தான பிறகு வாப்பா எழுதுவதில்லை. வாப்பா எழுதிய பிறகுதான் ஆட்கள் மௌத்தாகிறார்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வாப்பா பேனையை எடுத்தால் மட்டும், யாருடைய பெயர் என்று பார்க்க மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன்.

நாட்டில் எண்ணெய் இல்லாமல் போன வருடம் அது. பாடசாலை பாதி நாள் பூட்டு. மாமாவின் படகு ஒலுவில் துறைமுகத்தில் கட்டியபடி கிடந்தது. மாமா என்றால் உம்மாவின் ஒரே தம்பி, மீனவர் சங்கத்தின் தலைவர். கரையில் அவருடைய சிரிப்பு கேட்டால் மீன் அகப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மாதமாக அந்தச் சிரிப்பு இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் எஞ்சின் எப்படி ஓடும்? சங்கத்து ஆட்கள் எல்லாரும், தமிழர்களும் முஸ்லிம்களும், மண்ணெண்ணெய் கேட்டு எழுதிய ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்து மாமாவிடம் கொடுத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். ஒரு பிரதி அமைச்சர், வர்த்தகர்களின் தலைவர் ஒருவர், தொழிற்சங்கத் தலைவர் ஒருவர். மூன்று பேரும் நாட்டின் பொருளாதார எதிர்காலத்தைப் பற்றி எங்கள் ஊர் மண்டபத்தில் கலந்துரையாடப் போகிறார்கள். ஊரிலிருந்தும் ஏழு பேர் பேசலாம். அதில் ஒருவர் மாமா. அமைச்சரின் முகத்துக்கு நேரே எண்ணெய் கேட்க அப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வராது என்று மாமா வெள்ளைச் சேட்டை இஸ்திரி போடச் சொல்லி இரண்டு நாளாக உம்மாவின் உயிரை வாங்கினார்.

நிகழ்ச்சியை அறிவிக்க வேண்டியவருக்குப் பெற்றோல் கிடைக்கவில்லை. ஏற்பாட்டு அதிகாரி தையல் கடைக்கு ஓடி வந்து, அண்ணனைக் கூப்பிடுவது போல வாப்பாவை 'நானா' என்று கூப்பிட்டார்.

"நானா, ஒங்கட கொரல்தான் ஊருக்கே தெரியும். நீங்கதான் வாசிச்சுத் தரணும்."

வாப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உயிரோடு இருப்பவர்களை வாசிக்க யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. உடனே பேனையை எடுத்து, எல்லாருடைய தகப்பன் பெயரையும் கேட்டார்.

"அது என்னத்துக்கு நானா?"

"இல்லாட்டி எனக்கு வாசிக்க வராது தம்பி."

ஒரு துண்டுக்கு ஒரு பெயராக வாப்பா எழுதிக்கொண்டே போனார். கடைசித் துண்டில் மாமாவின் பெயர். நான் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். பெயரைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தத் துண்டை வாப்பா இரண்டாக மடித்து அடியில் வைத்தார்.

அடுத்த நாள் பாடசாலை இல்லாததால் வாப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேடையின் ஓரத்தில், அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். ஊரில் கரண்ட் இல்லை. மண்டபத்தின் பின்னால் ஜெனரேட்டர் உறுமியது. மூன்றாவது வரிசையில் மாமா கடிதத்தைப் பிடித்தபடி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

வாப்பா மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். கண்ணாடியைத் தேடினார்.

மண்டபம் அப்படியே உறைந்துபோனது. விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. பின்வரிசையில் அழுத குழந்தை கூட நிறுத்திவிட்டது. நான் எத்தனையோ தடவை அந்த மௌனத்தை வீட்டுக்குள்ளிருந்து கேட்டிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். முந்நூறு பேரின் முகத்திலும் ஒரே கேள்வி, யார்?

"கொழும்பைப் பிறப்பிடமாகக் கொண்டவரும்..." என்று வாப்பா தொடங்கினார். பாவம், அவருடைய நாக்குக்கு வேறு வழி தெரியாது. தகப்பன் பெயர் வந்தது. பிரதி அமைச்சரின் பெயர் வந்தது. வாப்பா மூச்சு வாங்க நிறுத்தினார்.

அவ்வளவுதான். பின்வரிசையிலிருந்து தொடங்கி முன்வரிசை வரைக்கும் 'இன்னாலில்லாஹி' என்று ஒரு முணுமுணுப்பு வந்தது. யாரும் வேண்டுமென்று சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிரதி அமைச்சர் அதை வரவேற்புப் பிரார்த்தனை என்று நினைத்து நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வர்த்தகர்களின் தலைவருக்கும் அதே முணுமுணுப்பு. தொழிற்சங்கத் தலைவருக்கும் அதே. மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. தங்களுடைய வாயைத் தாங்களே கேட்டுப் பயந்தவர்கள் போல இருந்தார்கள்.

பிறகு வாப்பா நாலாவது துண்டை எடுத்து வாசித்தார்.

"இன்றைய பொருள், நாட்டின் பொருளாதார எதிர்காலம்."

இந்த முறைதான் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். முழு வசனத்தையும், சத்தமாக, ஒரே குரலில். அல்லாஹ்வே, நாட்டையும் வாசித்துவிட்டாரே! அடுத்தது ஊர்க்காரர்கள். கடைசியில் மாமா.

வாப்பா தண்ணீர் குடிக்கத் திரும்பினார். நான் அடியில் கிடந்த துண்டை உருவி, தலையில் போட்டிருந்த பர்தாவின் மடிப்புக்குள் செருகிக்கொண்டேன். என் மாமாவை நான் விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு திமிரும் வந்தது. வாப்பாவின் வேலையை நான் முறியடித்துவிட்டேன்.

மேடையில் பேச்சு நடந்தது. இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும் என்று பிரதி அமைச்சர் பேசினார். ஏற்றுமதி வேண்டும் என்று வர்த்தகர் பேசினார். உழைப்பவன்தான் நாடு என்று தொழிற்சங்கத்தவர் மேசையைத் தட்டினார். நேரம் போய்விட்டது. ஏற்பாட்டு அதிகாரி குனிந்தபடி வந்து, பெயர்களைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, துண்டுக் கட்டிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டு போனார்.

வாப்பா ஒவ்வொரு தடவையும் மைக்கைத் தட்டியபோது மாமா பாதி எழுந்தார். வேறு பெயர் வந்ததும் உட்கார்ந்தார். மறுபடி பாதி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். மீதி நாலு துண்டும் முடிந்த பிறகு வாப்பா மேசைக்கு மேலும் கீழும் பார்த்தார், சேட்டுப் பையைத் தடவினார். மாமா பாதி எழுந்தபடியே நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துண்டு கையில் இல்லை. வாப்பா கண்ணாடியைக் கழற்றி மைக்கை அணைத்தார்.

வெளியே வாகனங்கள் கதவடைத்துப் புறப்பட்டன. மாமா கடிதத்தோடு பின்னால் கொஞ்சத் தூரம் ஓடினார். பிறகு திரும்பி வந்தார்.

"மச்சான், எண்ட பேரயும் எடுத்துப்போட்டானுகளா?"

"துண்டு இல்லியே மச்சான். அவன்தான் எடுத்திரிக்கணும்."

"துண்டா? நான் ஒங்களுக்கு முன்னுக்குத்தானே நிண்ட. என்னத் தெரியாதா ஒங்களுக்கு?"

வாப்பா கண்ணாடியைத் துடைத்தார். மாமா கடிதத்தைச் சேட்டுப் பைக்குள் திணித்தார். "அம்புட்டுப் பேருக்கும் நான் என்னத்தச் சொல்லுற?" என்று கேட்டுவிட்டு நடந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் இடையில் கதை பேச்சு இல்லை. எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. ஆள் உயிரோடு நடந்து போகிறாரே, அது போதும்.

இரண்டு கிழமை கழித்து மாமா வீடு வீடாகப் போத்தல் கொண்டு வந்தார். விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைச் சனங்கள் அரைப் போத்தல், கால் போத்தல் என்று ஊற்றிக் கொடுத்தார்கள். எங்கள் குப்பி விளக்கையும் கவிழ்த்துக் கொடுத்த உம்மா, அது போதுமா என்று போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

"போறதுக்குக் காணும். வாறதுக்குக் காணுமா தம்பி?"

"காத்து வந்தா காணும் ராத்தா. அல்லாஹ் இரிக்கான்."

ஒரு விடியற்காலையில் தனியாகத்தான் போனார். காற்று வரவில்லை. மூன்றாம் நாள் படகு மட்டும் தெற்கே ஒதுங்கியது. டாங்கி காய்ந்து கிடந்தது. வலை மடித்தது மடித்தபடி இருந்தது. மாமா இல்லை.

வாப்பா துண்டை எழுதிக்கொண்டு புறப்பட்டபோது உம்மா வாசலை மறித்தார். "மையித்தக் காணாம, உடம்பக் காணாம எண்ட தம்பிய வாசிக்கப்படாது!" என்று கத்தினார். வாப்பா துண்டை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போனார். பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கியில் இரண்டு தட்டுக் கேட்டது. அடுப்புகள் தணிந்தன. சைக்கிள்கள் நின்றன. நாங்கள் காத்திருந்தோம். காத்திருந்தோம். கண்ணாடி தேடும் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. கடைசியில் மைக்கை அணைக்கிற 'டக்' என்ற சத்தம் வந்தது. பெயர் வரவில்லை.

தெரு முழுக்க 'இன்னாலில்லாஹி' சொன்னது.

நான் மட்டும் சொல்லவில்லை. வாசிக்காத ஆள் எப்படி மௌத்தாக முடியும்? மண்டபத்தில் உருவிய துண்டு என்னிடம் இருக்கிறது. குர்ஆன் மத்ரஸாப் பையின் அடியில், மடித்தது மடித்தபடி. வருடக்கணக்காக நான் அதைத் திறக்கவே இல்லை. திறந்தால் வாசித்ததாகிவிடும் என்று பயம். கரையில் யாராவது பெரிதாகச் சிரித்தால் ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

இப்போது நான் வளர்ந்துவிட்டேன். வாப்பா மைக்கை விட்டுவிட்டார், அந்த அதிகாரியைத்தான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். போன மாதம் பையைத் துப்பரவாக்கும்போது மடிப்பு தானாகவே விட்டுக்கொண்டது. மேலே மாமாவின் பெயர். அந்த வயதில் நான் அதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டவள். பெயருக்குக் கீழே வாப்பாவின் கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது.

'மண்ணெண்ணெய் பற்றிக் கதைப்பார்.'