இடிக்காமல் நின்ற வண்டி

இரண்டு வாரத்துக்கு முன்னால், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அதுவும் ஓர் அதிகாரி முன்னிலையில்!

சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது?

மரக்காணம் பக்கம், உப்பளத்தை ஒட்டி ஒரு பள்ளி. அங்கே கணக்கு டீச்சராக இருக்கும் ஸ்டெல்லா என் சிநேகிதி. எங்கெங்கோ மனுப்போட்டு நாலு ரோபோட் கிட் வரவழைத்திருந்தாள். வந்தது நிரந்தரமாக இல்லை. கொடுத்தவர்கள் கொஞ்ச நாள் பார்ப்பார்கள். பிள்ளைகள் கோடிங் கற்றுக்கொண்டால் இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

"எனக்கு இதெல்லாம் வராதுடி. நீ கம்ப்யூட்டர் கம்பெனியில குப்பை கொட்டினவதானே, வாயேன்" என்றாள். வேலையை விட்டுவிட்டுப் பொம்மையார்பாளையத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். மறுப்பேனா? புதன்கிழமைதோறும் பஸ் ஏறினேன்.

கிட் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வண்டி. முன்னால் தவளைக்கண் மாதிரி ஒரு சென்சார் — எதிரே இருப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து சொல்லும். லேப்டாப்பில் கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வண்டிக்குள் ஏற்றினால், அதன்படி ஓடும்.

நஸ்ரின் குழுவுக்கு நான் கொடுத்த வேலை: சுவரை நோக்கி ஓடுகிற வண்டி, பத்து சென்டிமீட்டர் இருக்கும்போது தானாக நிற்க வேண்டும். நஸ்ரின் கூனிமேட்டிலிருந்து வருகிற எட்டாம் வகுப்புப் பெண். அதிகம் பேச மாட்டாள். பேசினால் நேராகப் பேசுவாள்.

வண்டி எப்போதாவது நின்றது. பெரும்பாலும் இடித்தது. மூன்று வாரமாக இதே கதை.

கிட் கொடுத்தவர்கள் சார்பில் ஓர் அதிகாரி பார்வையிட வரும் நாள் காலையிலும்... டமால்!

"இன்னிக்கு இடிச்சா அவ்ளோதான். பெட்டியைக் கட்டி எடுத்துட்டுப் போயிடுவாங்க." ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மதியம் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஸ்டெல்லா ஹெட்மாஸ்டர் அறையில். லேப்டாப் திறந்தே இருந்தது. நான் என்ன செய்தேன்? பத்து என்ற எண்ணை நாற்பது ஆக்கி, வண்டியில் ஏற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஒரு நிமிஷ வேலை. தூரத்திலேயே நின்றுவிட்டால் எங்கிருந்து இடிக்கும்? பிள்ளைகளுக்கு ஓர் உதவிதானே என்று மனசுக்கு ஒரு சமாதானம் வேறு.

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். வண்டி ஓடியது. சுவருக்கு ஒரு சாணுக்கும் மேலே தள்ளியே சமர்த்தாக நின்றது. கைதட்டல்!

"வெரி குட். யாரும்மா எழுதுனது?"

நஸ்ரின் எழுந்தாள். வண்டியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"நாங்கதான் சார் எழுதுனோம். ஆனா இது எங்களுது இல்ல சார்."

"என்னம்மா சொல்ற?"

"நாங்க பத்துல நிக்கணும்னு போட்டோம். எங்க வண்டி இடிக்கும் சார். இது அவ்ளோ தூரத்துலயே நின்னுடுச்சு. யாரோ மாத்திட்டாங்க."

அதிகாரி மெதுவாக ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். பாவம், அவளுக்கு ஒன்றுமே தெரியாது. "சார், நான்..." என்று திணறினாள்.

அந்த நாலைந்து விநாடி நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இத்தனை வயசில், அத்தனை பிள்ளைகள் முன்னால்... ஸ்டெல்லா என் பக்கம் திரும்பிய பிறகுதான் எழுந்தேன்.

"டீச்சருக்குத் தெரியாது சார். நான்தான் மாத்தினேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னை விட்டுவிட்டு நஸ்ரினிடம், "சரி, உங்களுதைப் போடும்மா. இடிக்கட்டும், பார்க்கலாம்" என்றார்.

எண்ணைப் பழையபடி பத்து ஆக்கி ஓட்டினார்கள். இடித்தது. சக்கரம் ஒன்று கழன்று பெஞ்சுக்கு அடியில் உருண்டது. வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"ஏன் இடிக்குது?"

"கண்ணு ஒரு தடவை பார்க்குது சார். அப்புறம் ஒரு செகண்ட் சும்மா இருக்குது. அதுக்குள்ள வண்டி போயிடுது. இப்பதான் சாப்பிடும்போது பேசிக்கினு இருந்தோம்... அந்த 'ஒரு நொடி காத்திரு'ன்ற வரியை எடுத்துட்டுப் பார்க்கலாமா சார்?"

எடுத்தார்கள். சக்கரத்தை மாட்டினார்கள். வண்டி ஓடி, சுவருக்கு நாலு விரல் இடைவெளியில் நின்றது. மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் நாலு விரல்.

"அந்த வரியை எதுக்கும்மா போட்டீங்க?" அதிகாரி விடுவதாக இல்லை.

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். "மிஸ்தான் போடச் சொன்னாங்க சார். மொதல் நாளு."

ஆமாம். வண்டி செய்வதைப் பிள்ளைகள் நிதானமாகக் கவனிக்கட்டும் என்று முதல் பாடத்தில் நானே போட வைத்த வரி! சுத்தமாக மறந்துபோனேன். தப்பைப் போட்டதும் நான், அதை மூடி மறைத்ததும் நான். ஏன் இடிக்கிறது என்று அவர்கள் தேடினார்கள். நான் தேடவே இல்லை — இடிக்காத மாதிரி நடிக்க வைத்தேன்.

வீட்டிலும் இதைத்தானே செய்கிறோம்? ப்ராஜெக்ட் சார்ட்டை அப்பா வரைகிறார், கட்டுரையை அம்மா எழுதுகிறாள், பரிசு மட்டும் பிள்ளைக்கு. இடிப்பதற்கே விடாவிட்டால், ஏன் இடித்தது என்று அவர்கள் எப்போதுதான் யோசிப்பார்கள்?

கிளம்பும்போது அதிகாரி, "கிட் இங்கேயே இருக்கட்டும் டீச்சர்" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

கேட் அருகே நஸ்ரின் ஓடி வந்தாள்.

"மிஸ், கோவமா?"

"இல்லம்மா. உனக்கு?"

யோசித்தாள். "கொஞ்சம். எங்களைக் கேட்டுட்டு மாத்தியிருக்கலாம்ல மிஸ்?"

ஸ்டெல்லா பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். பஸ் வந்து நின்றபோதுதான், "அடுத்த புதன் வருவல்ல?" என்றாள். தலையாட்டிவிட்டு ஏறினேன்.

போனேன். லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்ட் கேட்டது — நஸ்ரின் குழு புதிதாகப் போட்டது. ஸ்டெல்லாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள்... எனக்கு இன்னும் இல்லை!