அப்பா மடியில் அடங்கிய பிள்ளை

பட்டாளக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தால் பெண் தில்லி, பம்பாய் என்று நாலு ஊர் பார்ப்பாள் என்று என் கல்யாணத்தின்போது சொன்னார்கள். நான் பார்த்ததெல்லாம் குலசேகரம் பஸ் ஸ்டாண்டைத்தான். அவருக்கு வாய்த்த போஸ்டிங் ஒவ்வொன்றும் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடம். லீவில் வருவார், பெட்டியைப் பிரிப்பார், நாலு கல்யாண வீட்டில் தலையைக் காட்டுவார், மறுபடி பெட்டியைக் கட்டுவார். நான் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தபடி, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் மகளை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு அவர் 'போன் அப்பா'. பேச ஆரம்பித்த வயதில் அவளாகவே வைத்த பேர் அது. போனில் அவர் முகம் தெரிந்தால் திரையை எச்சிலாக்கி முத்தம் கொடுப்பாள், புதிதாகப் படித்த பாட்டைப் பாடிக் காட்டுவாள். அதே ஆள் லீவில் வந்து வாசலில் நின்றால் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். தூக்கப் போனால் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் எட்டிப் பார்க்கும்படி கத்துவாள். லீவு முடியப் போகும்போதுதான் மெல்ல வந்து அவர் விரலைப் பிடிப்பாள். அதற்குள் அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிடும்.

அவர் இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடுவார். ஒருநாள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "எனக்க மொவளுக்கு நான் மொபைல்ல இருந்தா போதும் போலிருக்கு, கேட்டியா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன்.

அதனால்தான், லடாக்கில் லே என்ற ஊருக்கு மாற்றலாகி, அங்கே குடும்பத்தோடு இருக்கக் குவார்ட்டர்ஸும் கிடைத்துவிட்டது என்று அவர் போன் செய்தபோது, நான் யோசிக்கவே இல்லை. மறுநாளே பள்ளியில் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். மகளுக்கு அப்போது நாலு வயது. இன்னும் இரண்டு வருஷம் போனால் இவள் அப்பாவை ஒரு விருந்தாளியாகவே முடிவு செய்துவிடுவாள் என்ற பயம் எனக்கும் இருந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் வீட்டில் ஒரே கூட்டம். குழித்துறையிலிருந்து நாத்தனார் வந்தாள், தெருவே வந்தது. எல்லோரும் மகளின் கன்னத்தைக் கிள்ளினார்கள். "இந்தக் கொழுக்குமொழுக்குப் பிள்ளைய ஐஸிலியா கொண்டு போறே?" என்று நாத்தனார் கேட்டாள். அவள் கேட்ட விதத்தில், நான் என்னமோ பிள்ளையை விற்கக் கொண்டுபோவது மாதிரி இருந்தது. ஏத்தங்காய் சிப்ஸ், சம்பா அரிசி, நல்லமிளகு, வத்தல் மிளகாய், தேங்காய் எண்ணெய் என்று ஆளுக்கொன்று கட்டிக் கொடுத்தார்கள். பட்டாளத்தில் சோறே போடமாட்டார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ.

அவர் ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மலைக்குப் புதிதாக வந்து இறங்கும் சிப்பாய்களுக்கு, உயரத்தில் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பாடம் எடுப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. இந்தியில் பேச வேண்டியதைத் தமிழில் என்னிடம் போனில் ஒப்பித்துப் பார்ப்பார். "இங்க காத்துல சத்து கொறவு. மொத ரெண்டு மூணு நாள் கட்டில விட்டு எறங்கப்பிடாது. தலைவலி, சோறு வேண்டாங்கது, சும்மா சும்மா ஒறக்கம் வாறது, மூச்சு முட்டுகது, இதுல எது வந்தாலும் அப்பமே எம்.ஐ. ரூமுக்கு வந்து காட்டணும்." எம்.ஐ. ரூம் என்பது பட்டாளக் குடியிருப்பில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. எங்கள் பள்ளியில் ஆய்வுக்கு வருகிறவர்கள்கூட இவ்வளவு சுத்தமாகப் பேசமாட்டார்கள்.

திருவனந்தபுரத்தைத் தாண்டியிராத நான், ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் பையுமாகத் தில்லியில் விமானம் மாறி லேயில் போய் இறங்கினேன். ஊரில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே சுற்றிலும் மொட்டை மலை. கொட்டையைத் துப்பினால் முளைக்கிற ஊரிலிருந்து வந்தவளுக்கு, மலை என்றால் பச்சையாக இருக்கும் என்பதே பொய்யாகிப் போனது. குளிர் மூக்கிலிருந்து நேரே நெஞ்சுக்குள் இறங்கியது.

விமான நிலையத்துக்கு வெளியே அவர் நின்றிருந்தார். வழக்கம்போல மகளை நோக்கிக் கையை நீட்டினார். வருவாள் என்ற நம்பிக்கையில் நீட்டவில்லை, பழக்கத்தில் நீட்டினார். அவள் அவரிடம் போய்விட்டாள். அழவில்லை, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவருடைய முகத்தை நான் எப்படிச் சொல்வது. கல்யாணத்தன்றுகூட மனிதர் அப்படி இருக்கவில்லை. பெட்டிகளை வண்டியில் ஏற்ற வேண்டும் என்பதையே மறந்துவிட்டார். அசைந்தால் பிள்ளை விழித்து அழுதுவிடுவாளோ என்று, கழுத்தைத் திருப்பாமல் வண்டியில் உட்கார்ந்து வந்தார்.

அன்று முழுக்க மகள் அவருடைய மடியிலேயே கிடந்தாள். அறையின் நடுவே புகாரி எரிந்துகொண்டிருந்தது. புகாரி என்பது அறையைச் சூடாக்குகிற இரும்பு அடுப்பு. உள்ளே மண்ணெண்ணெய் எரியும், புகை ஒரு குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். தலைவலி மண்டையைப் பிளக்க, நான் கட்டிலில் படுத்தபடி அப்பாவையும் மகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சிப்ஸ் பாக்கெட்டுகள் உயரத்துக்கு வந்ததும் பலூன்போல உப்பியிருந்தன. அவர் ஒன்றை எடுத்து அவளுக்கு விளையாட்டுக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் மடியை விட்டு இறங்கவும் இல்லை. அதைப் படம் பிடித்து நாத்தனாருக்கு அனுப்பினார். "நான் அப்பமே சொன்னேம்லா, கூட இருந்தா ஒட்டிக்கிடுவான்னு" என்று என்னிடமும் சொன்னார். விட்ட வேலை வீண்போகவில்லை என்று எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது.

மறுநாள் அவள் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. கஞ்சி வேண்டாம் என்றாள், பால் வேண்டாம் என்றாள். மறுபடி அவருடைய மடியில் சுருண்டுகொண்டாள். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

"டாக்டர்ட்ட ஒருக்கா காட்டுவமா?" என்றேன்.

"யாத்திரை அலுப்பு ஏட்டி. பிள்ளையளுக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்றார். கொஞ்சநேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கொண்டு காட்டினா அடுத்த பிளைட்டுல கீழ எறக்கி விட்டுருவாவ. இப்பம்தான ஒட்டியிருக்கா. இன்னைக்கு ஒரு நாள் பொறு" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையில் இருந்த கெஞ்சலுக்கு நான் இணங்கிவிட்டேன். பட்டாளத்தில் இத்தனை வருஷம் இருந்த மனிதன் ஒரு நாளைப் பிச்சை கேட்கிறான்.

மத்தியானம் நாத்தனார் போன் செய்தாள். பிள்ளை சாப்பிடவில்லை என்றதும், "கண்ணேறுதான், வேற என்ன? அத்தன பேரு வந்து கண்ணு வச்சாவல்லா. உப்பும் மொளகாயும் எடுத்துச் சுத்திப் போடு மக்கா" என்று தம்பியிடம் சொன்னாள். அவருக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஊரில் நான் சுற்றிப் போட்டால் கிண்டல் செய்கிற ஆள். ஆனால் அன்றைக்கு டாக்டர் வேண்டாம் என்று சொல்லும் எந்த வைத்தியமும் அவருக்கு வேண்டியிருந்தது. அவரே போய் ஊரிலிருந்து நான் கொண்டுவந்த சாமான்களைக் கிளறி வத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துவந்தார். பிள்ளையின் தலையைச் சுற்றி மூன்று தடவை சுற்றினார். மிளகாயில் துப்பச் சொன்னார். அவள் உதட்டைக் குவித்தாள், எச்சில் வரவில்லை. புகாரியின் மூடியைத் திறந்து கைப்பிடி மிளகாயையும் உள்ளே போட்டு மூடினார்.

எங்கள் ஊர்க் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சும்மா மிளகாயைத் தீயில் போட்டால் வீடே இருமும். நெடியே அடிக்கவில்லை என்றால் கண்ணேறு பட்டிருக்கிறது என்று அர்த்தம், அது அத்தோடு கழிந்தது.

நாங்கள் இரண்டு பேரும் மூக்கைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தோம். ஒரு நெடி இல்லை. ஒரு தும்மல் இல்லை.

"பாத்தியா? கண்ணேறுதான். இனி செரியாயிரும்" என்றார். எனக்கும் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. புகை வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காகவே ஒருவன் மெனக்கெட்டுக் குழாய் வைத்துச் செய்த அடுப்பு அது என்பது, படித்த எனக்கும் தோன்றவில்லை, பாடம் எடுக்கிற அவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் போட்ட மிளகாய்க்குக் கூரைமேல் ஏதாவது காக்கை இருமியிருக்கும்.

கண்ணேறு கழிந்த சந்தோஷத்தில், மகளுக்குத் தலை சீவிவிடலாம் என்று சீப்பை எடுத்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளுக்குச் சுருட்டை முடி. தினமும் சீப்பைக் கண்டாலே வீட்டைச் சுற்றி ஓடுவாள். ஒரு சிக்கை எடுப்பதற்குள் என் கையில் இரண்டு கடி விழும். யாத்திரையில் சிக்குப் பிடித்திருந்த முடியில் சீப்பை வைத்து இழுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை, வேண்டுமென்றே கொஞ்சம் பலமாக இழுத்தேன். தலைதான் சீப்போடு சேர்ந்து வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவளுடைய உதட்டைப் பார்த்தேன். நாவல்பழம் தின்ற உதடு மாதிரி இருந்தது.

 அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"இஞ்ச பாருங்க" என்றேன். "புதுசா வாற பட்டாளக்காரனுக்கு என்ன சொல்லுவிய?"

"என்னது?"

"பாடம் எடுப்பியல்லா? அத இப்பம் சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, மேலதிகாரி கேட்டதுபோல, பழகிய குரலில் தொடங்கினார். "தலைவலி. சோறு வேண்டாங்கது. சும்மா சும்மா ஒறக்கம்..."  மடியில் கிடந்தவளைக் குனிந்து பார்த்தார். அவளுடைய நெஞ்சு ஏறி இறங்குகிற வேகத்தை அப்போதுதான் பார்த்தார்.

அந்த உயரத்தில் ஓடக்கூடாது என்பதும் அவருடைய பாடத்தில் உண்டு. போர்வையோடு பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினார். நான் பின்னால் நாலு எட்டு வைப்பதும் சுவரைப் பிடித்து நிற்பதுமாகப் போய்ச் சேர்ந்தபோது, எம்.ஐ. ரூமில் அவளுடைய முகத்தில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நுரையீரலில் நீர் கட்டத் தொடங்கியிருக்கிறது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். என்னைவிட வயதில் சின்னப் பெண். "எப்போதிலிருந்து இப்படிச் சோர்ந்திருக்கிறாள்?" என்று இந்தியில் கேட்டார்.

அவர் விறைப்பாக நின்று பதில் சொன்னார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியிலேயே எல்லாம் புரிந்தது. "வந்து இறங்கினதிலிருந்தே, மேடம். என் மடியிலேயேதான் இருந்தாள். என்மேல் பிரியம் வந்துவிட்டது என்று நினைத்தேன்."

அந்த டாக்டர் அவரைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.

இரவு எப்படிக் கழிந்தது என்பதை எழுத எனக்கு இஷ்டமில்லை. மறுநாள் உச்சி வேளையில் அவளுடைய உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவளுடைய பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் கண் விழித்தாள். முகத்தில் இருந்த மாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்தாள். கால்மாட்டில் ஓர் ஆள் இருப்பதைக் கண்டாள். முகம் கோணியது. ஓங்கி அவருடைய மார்பில் ஒரு உதை விட்டாள். "நீ போ. அம்மா வா" என்றாள்.

அவர் எழுந்து வெளியே போனார். பிள்ளையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நான் போய்ப் பார்த்தேன். வராந்தாவின் சுவரில் நெற்றியை வைத்து நின்றிருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. "சவுட்டிட்டா, பாத்தியா" என்று உதை விழுந்த நெஞ்சைத் தடவினார். "எப்பிடிச் சவுட்டினா, பாத்தியா." கண்ணீர் வடிகிற முகத்தில் சிரிப்பும் இருந்தது.

பிள்ளையைக் கீழே கொண்டுபோய்விட வேண்டும், இப்போதைக்கு மறுபடி மேலே ஏற்ற வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அவர் சரி என்றுவிட்டார். எந்த விமானத்துக்குப் பயந்து ஒளிந்தாரோ, அதே விமானத்தில் எங்களுக்கு இடம் பிடிக்க அவரே அலைந்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கீழே இறங்குகிற இன்னொரு குடும்பத்தோடு எங்களைச் சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்தார். அரிசியும் எண்ணெயும் குவார்ட்டர்ஸில் அப்படியே கிடந்தன.

விமான நிலைய வாசலில், உள்ளே போகும் முன் ஒரு தடவை தூக்கிப் பார்க்கிறேன் என்று கையை நீட்டினார். மகள் என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். அவர் விடாமல் வாங்கித் தூக்கினார். அவ்வளவுதான். தலையைப் பின்னால் வளைத்து, காலை உதைத்து, வாய் கொண்ட மட்டும் கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவன் பிள்ளைபிடிக்கிறவனோ என்பதுபோல ஓர் அம்மாள் முறைத்தாள். எனக்கு மானம் போயிற்று. "சத்தம் போடாத மக்கா, அப்பால்லா" என்று அவளுடைய வாயைப் பொத்தப் போனேன்.

அவர் என் கையைத் தட்டிவிட்டார். பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"விடு ஏட்டி, கத்தட்டும்" என்றார். "மூச்சு நல்லா போகுது."