சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய்

இன்று காலை ஓஸ்டர்முண்டிகன் பஸ் தரிப்பிடத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற இளம்பெண் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து உதட்டில் பூசினாள். குப்பென்று தேங்காய் எண்ணெய் மணம். இப்போது சுவிஸ்காரருக்குத் தேங்காய் என்றால் போதும். உதட்டுக்கும் தலைக்கும் அதுதான், நாய்க்குட்டியின் ரோமத்துக்கும்கூட அதுதான். நான் வந்த புதிதில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு டிராமில் ஏறினால் பக்கத்து இருக்கை தானாகவே காலியாகும். அதில் ஒரு வசதியும் இருந்தது, பையை வைத்துக்கொள்ளலாம். அதை விடுங்கள். இன்று அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரு சைக்கிள் சங்கிலிதான் நினைவுக்கு வந்தது. ஏனென்று சொல்கிறேன், பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

அப்போது நான் பெர்ன் நகரின் மறுகரையில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். அங்கே இருந்த வயதானவர்கள் சேவல் கூவும் முன்னரே எழுந்து கோப்பிக்குக் காத்திருப்பார்கள். அவர்களுக்காக நாங்கள் இன்னும் முன்னதாக அடுப்படியில் நிற்க வேண்டும். முதல் பஸ்ஸில் ஏறினால் வேலைக்குப் பிந்திவிடும். எனவே சைக்கிள். கோடையில் அது சுகமான சவாரி. ஆரெ ஆற்றுப் பாலத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே போவேன். குளிர்காலத்தில் வாயைத் திறந்தால் பல் கூசும்.

நான் உடுத்துக்கொண்டு கிளம்பும் கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு காற்சட்டை, ஒன்றன் மேல் ஒன்றாக. காலுறைக்கு மேல் கடைப் பொலித்தீன் பை, அதற்கு மேல் சப்பாத்து. தலையில் குரங்குத் தொப்பி. கம்பளிக் கையுறைக்கு மேல், பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறை. காற்றை அதுதான் மறிக்கும். வழியில் சைக்கிளில் எதிர்ப்படும் சுவிஸ்காரர்கள் மெல்லிய சட்டையொன்றை மாட்டிக்கொண்டு, பிடியிலிருந்து கைகளை விட்டுவிட்டு, அப்பிள் கடித்தபடி ஓடிப்போவார்கள். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. நல்ல வளர்ப்பு. அந்த நாளில் எனக்கு மீசை இருந்தது, அதில் பனி கட்டும். அதனால் கொஞ்சம் கம்பீரமாகவே இருந்ததாக எனக்கொரு நினைப்பு.

இத்தனை பாடும் பட்டது ஒரு காரணத்துக்காகத்தான். எனக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மனைவி வதனி யாழ்ப்பாணத்தில், நான் இங்கே. அவளை இங்கே கூப்பிட வேண்டுமானால் எனக்கு நிரந்தர வேலை இருக்க வேண்டும் என்று குடிவரவு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். என் வேலையோ இன்னும் பரீட்சைக் காலத்தில் இருந்தது. பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், பிடிக்காவிட்டால் கைகொடுத்து அனுப்புவார்கள். சமையலறையின் செஃபின், அதாவது எங்கள் பெண் மேலாளர், பெயர் மோசர். நல்ல மனுசி. ஆனால் அவருக்குக் கடிகாரத்தில் கைவைத்தால் பொறுக்காது. ஒருமுறை பனியில் சறுக்கி விழுந்து, முழங்கால் தேய்ந்து பிந்திப்போனேன். “பனி விழுமெண்டு நேற்றே வானொலியில சொன்னவைதானே. முந்தியே வெளிக்கிட்டிருக்கலாமே?” என்றார். அவர் சொன்னது பெர்ன் ஜெர்மனில்தான். எல்லாரையும் நான் மனதுக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்பேன், இல்லாவிட்டால் விளங்காது. இன்னொரு தடவை பிந்தினால் யோசிக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். அவர் என்ன யோசிப்பார் என்று நான் நாள் முழுக்க யோசித்தேன்.

நாங்கள் சிலர் கூடியிருந்த வீட்டில் குகன் அண்ணை என்று ஒருவர் இருந்தார். ஒரே அறையில் எனக்கு எதிர்க்கட்டில். யாரும் நியமிக்காமலே வீட்டின் சைக்கிள் மந்திரியாக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சைக்கிள் கீச்சிடுவதைக் கேட்டுவிட்டு எண்ணெய்க் குப்பியைத் தேடினார். வெறும் குப்பி. சுவிசில் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊசி நூலும் வாங்க முடியாது. குகன் அண்ணை கொஞ்சமும் கலங்கவில்லை. குளியலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு திரும்பினார்.

“அண்ணை, அது தலைக்கு வைக்கிறது.”

“ஊரில தடை நேரத்தில மெசின் ஓயில் இருந்ததோ? இதை விட்டுத்தானே யாழ்ப்பாணம் முழுக்க ஓடித் திரிஞ்சனாங்கள்.”

அது உண்மைதான். யுத்த காலத்தில் குடாநாட்டுக்குள் பெற்றோலும் வராது, மண்ணெண்ணெயும் வராது. ஆசுப்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் சைக்கிளில்தான் போனோம். விளக்குக்கும் தேங்காய் எண்ணெய், சங்கிலிக்கும் தேங்காய் எண்ணெய். அதை விட்டு ஓடிய சைக்கிள் ஒருநாளும் எங்களைக் கைவிட்டதில்லை. பிறகென்ன கதை என்று நானும் சம்மதித்தேன். போத்தலுக்குள் எண்ணெய் கட்டியாக வெள்ளையாக இருந்தது. தாச்சியில் போட்டு உருக்கினோம். அடுப்பில் வைத்து உருக்கிய இரண்டு வளர்ந்த ஆண்களுக்கு, வெளியே போனால் அது மறுபடியும் கட்டியாகிவிடும் என்று தோன்றவே இல்லை. சங்கிலிக்கும் பின்சில்லின் பல்லுக்குள்ளும் தாராளமாக விட்டோம். சைக்கிள் சத்தமில்லாமல் ஓடியது. குகன் அண்ணை அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

திங்கள் விடியற்காலை வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தேன். சங்கிலி முழுக்க மெழுகு வார்த்தது போல வெள்ளை. மிதித்தால் பெடல் சுற்றுகிறது, பின்சில்லு அசையவில்லை. உள்ளே பிடிக்க வேண்டிய பல்லெல்லாம் எண்ணெய்க்குள் உறங்கிவிட்டன. என் சத்தம் கேட்டுக் குகன் அண்ணை சாரத்துக்கு மேல் ஜாக்கெட் போட்டபடி, கேத்திலில் சுடுதண்ணியோடு ஓடிவந்தார்.

“நீ பயப்பிடாத. இப்ப பார்.”

ஊற்றினார். எண்ணெய் உருகியது, சில்லு பிடித்தது, நான் ஏறிப் பறந்தேன். அவர் பின்னாலிருந்து கைகாட்டியதும் தெரிந்தது. இரண்டு தெரு தாண்டுவதற்குள் அந்தச் சுடுதண்ணி பனிக்கட்டியாகிவிட்டது. முன்பு எண்ணெய் மட்டும் உறைந்திருந்தது, இப்போது இரண்டும். சைக்கிளை வீதியோரம் போட்டுவிட்டு ஓடலாம் என்றால் மனம் வரவில்லை. மேட்டில் தள்ளிக்கொண்டு ஓடினேன், இறக்கத்தில் ஏறி உட்கார்ந்து உருண்டேன். வதனியின் முகம் ஒவ்வொரு மேட்டிலும் இன்னும் தூரம் போனது. சும்மா சொல்லவில்லை, எனக்கு அழுகை வந்தது. குளிரில் கண்ணீர் கன்னத்தில் நின்று கடித்தது.

சமையலறைப் பின்வாசலில் செஃபின் நின்றார். உள்ளே பாண் வெந்துவிட்ட மணம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கத் தேவையான ஜெர்மன் அந்த நேரம் வாயில் வரவில்லை. சைக்கிளைத் தூக்கிக் காட்டி, “தேங்காய் எண்ணெய்” என்று மட்டும் ஜெர்மனில் சொன்னேன். அவர் குனிந்து சங்கிலியை முகர்ந்து பார்த்தார். விரலால் சுரண்டிப் பார்த்தார்.

“இது கேக்குக்கல்லோ போடுறது?”

“ஓம்” என்றேன், தமிழிலேயே.

வேலைக்குப் போகச் சொன்னார். நான் அன்று கழுவிய சட்டிகளில் முகம் பார்த்திருக்கலாம். மத்தியானம் கூப்பிட்டு நிலத்தடி அறைக்குக் கொண்டுபோனார். என் சைக்கிள் வெப்பமூட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. சங்கிலி துடைத்துப் பளபளவென்று இருந்தது. செஃபினின் விரலெல்லாம் கறுப்பு. சுவிஸ்காரரைப் பற்றி அன்றுதான் ஒன்று விளங்கியது. பனி விழுந்தது என்றால் அது உங்கள் பிழை. நித்திரை கொண்டேன் என்றால் அது பாவம். சைக்கிளுக்குச் சுகமில்லை என்றால் மட்டும் அவர்கள் உங்களோடு சேர்ந்து கவலைப்படுவார்கள்.

“வேலை உங்களுக்குத்தான்” என்றார். “சைக்கிளுக்கு மட்டும் சமைக்காதேங்கோ.”

அன்று பின்னேரம் தொலைபேசியில் வதனிக்கு முழுக் கதையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். “தேங்காய் எண்ணெய் குளிருக்கு உறையுமெண்டு உங்களுக்குத் தெரியாதோ? மார்கழியில இஞ்ச போத்திலை வெயிலில வைக்கிறனாங்களே” என்று கேட்டாள். பிறகுதான் அழுதாள்.

அடுத்த குளிர்காலம் வருவதற்குள் வந்து சேர்ந்தாள், தனியாக ஒரு சின்ன வீடு எடுத்தோம். அவள் பார்த்த முதல் பனிக்காலையில், நான் கிளம்பும்போது என்னோடு சேர்ந்து எழும்பினாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு சன்னலில் நின்றாள். மூலை திரும்பும் இடத்தில் நான் மணியடிப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பற்றி மரியாதையாக முறைப்பாடு செய்ததால், பிறகு கையை மட்டும் தூக்கினேன். என் பின்விளக்கு மறையும்வரை அவள் நிற்பாள். வேலைக்குப் போய்ச் சேர்வேனோ, சறுக்கி விழுவேனோ, அனுப்பிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான், காட்டிக்கொள்வதில்லை. அப்படி எத்தனையோ குளிர்காலம்.

குகன் அண்ணை இப்போது இருக்கை சூடாகும் கார் வைத்திருக்கிறார், சைக்கிள் முழங்காலுக்குக் கூடாது என்று பிரசங்கம் செய்கிறார். நாங்கள் கூடியிருந்த அந்தப் பழைய வீட்டை இடித்துவிட்டார்கள். முதல் பஸ்ஸும் இன்னும் முந்தியே ஓடத் தொடங்கிவிட்டது, நானும் சைக்கிளை விட்டு அதில் ஏறிக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயம் எங்கள் இருவருக்கும் எப்போது போனதென்றே தெரியவில்லை. போனது நல்லதுதான். ஆனால் அந்தச் சன்னலில் நின்றவளும் அதோடு சேர்ந்து போய்விட்டாள். இன்று காலையும் இருட்டில் சப்பாத்துக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கதவடியில் நின்றேன். போர்வைக்குள்ளிருந்து வதனியின் குரல் வந்தது.

“போகேக்க அந்தக் குப்பைப் பையையும் கொண்டு போங்கோ.”