கிருமி இல்லாத மண்

பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. உடம்புக்குள் வைக்கும் சிலிக்கோன் குழாய்களின் மேற்பரப்பில், கிருமி வந்து ஒட்டாதபடி மெல்லிய படலம் ஒன்றை ஏற்றிப் பார்ப்போம். உப்புநீரில் அது அருமையாக வேலை செய்தது. இரத்தத்தில் போட்டால் மட்டும் இரத்தத்தின் புரதம் முந்திக்கொண்டு படிந்துவிடும்; அதன்மேல் கிருமி சொகுசாகக் குடியேறும். இதோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் என் மனைவியின் சிறுநீரகங்கள் பழுதாகின. இரத்தம் சுத்திகரிக்க அவள் கழுத்திலும் சிலிக்கோன் குழாய் போட்டார்கள்.

இரண்டு தடவை கிருமி தொற்றி, குழாயைக் கழற்றி இடம் மாற்றினார்கள். இன்னொரு முறை தொற்றினால் போட நாளம் இல்லை, கட்டு நனையவே கூடாது என்றார் டொக்டர். முகம் கழுவினால் தண்ணீர் கழுத்துக்குத்தான் ஓடும். அதனால், தொழுகைக்கு முன் தண்ணீரால் கழுவும் வுழு எடுக்காமல், மண்ணில் கையை அடித்து முகத்தையும் கைகளையும் தடவும் தயம்மும் போதும் என்றார் மடவளைப் பள்ளிவாசல் மௌலவி. மண்ணோ கிருமிகளின் சொந்த ஊர். தொழாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மண்ணைச் சலித்து, ஆய்வுகூடத்து அடுப்பில் கிருமி சாகும்வரை சூடாக்கி, மூடிய போத்தலில் கொண்டுவந்தேன். சாம்பலாகாத வரை அது தயம்முமுக்குக் கூடும் என்றார் மௌலவி.

“ஒங்கட குழாயப் போடச் சொல்லுங்களே” என்று அவள் ஒருநாள் கேட்டாள். நான் டொக்டரிடம் கெஞ்சினேன். மனிதரில் சோதிக்காததைப் போட முடியாது என்றார். அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் ஆத்திரம் வந்தது.

குண்டுப் பயம் தலைக்கேறியிருந்த நாட்கள் அவை. கட்டுகஸ்தோட்டைச் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் போத்தலைத் திறந்தான். நோயாளிக்கான மண் என்று சிங்களத்தில் சொன்னேன். விரலை உள்ளே விட்டுக் கிளறி, மணந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். பொடியாக எதைக் கண்டாலும் பயப்படச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அந்த விரலை ஒடிக்க வேண்டும்போல் இருந்தது. ஊரடங்கு தொடங்கவிருந்தது, ஆய்வுகூடத்துக்குத் திரும்ப வழியில்லை. வீட்டுச் சட்டியிலேயே அந்த மண்ணை மறுபடி வறுத்தேன்.

மூன்றாம் முறையும் நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. இரத்தத்தில் இருந்த கிருமியை வளர்த்துப் பார்த்ததில், எல்லார் தோலிலும் சும்மா இருக்கும் சாதாரணக் கிருமி. மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் சுட்டதும் வறுத்ததும் வீண். குழாயைக் கழற்றினார்கள். இனிப் போட இடமில்லை, இரத்தம் சுத்திகரிக்க வழியில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார் டொக்டர்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போத்தலை எடுத்து வந்தேன். அவள் கையால் விலக்கினாள்.

“கழுத்துலதான் குழாய் ஒண்டும் இல்லியே. இனி நனஞ்சா என்ன? தண்ணி கொணாங்கொ.”

ஊற்றினேன். அவசரமில்லாமல் முகம் கழுவினாள். தண்ணீர் கழுத்தில் இறங்கி, கட்டு நனைந்து, சட்டைக்குள் ஓடியது. எவ்வளவோ நாளாக நான் காணாத சந்தோஷம் அவள் முகத்தில். எனக்குக் கத்தி அழ வேண்டும்போல் இருந்தது.

“இன்னம் கொஞ்சம் ஊத்துங்கொ” என்றாள்.