நுஸ்ஹாவின் அறையும் கறையானும்

சாய்ந்தமருதில் கறையானோடு மல்லுக்கு நிற்கிற மனிதர் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் அச்சிமுகம்மதுவின் வளவைக் கைகாட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஊர்ச்சனம் சோற்றுக்கு விரைகிற நேரத்தில், அவர் மட்டும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய எஞ்சின் ஒயில் வாளியோடு வீட்டைச் சுற்றிக் குந்திக் குந்தி நகர்வார். கல்முனையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தபடியால் கழிவு ஒயிலுக்குப் பஞ்சமில்லை. "அச்சிக் காக்கா வீட்டுக்கும் ஒயில் மாத்துறார்" என்று வேலிக்கு மேலால் பகிடி விடுவார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அவர் எதைக் காவல் காத்தார் என்பது அந்த ஊர்வாய்க்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டும் சிரித்தார்கள் என்பதுதான் எரிச்சல்.

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் என்று மற்றப் பக்கங்களில் இரண்டாகச் சொல்வார்கள். எங்கள் கரையில் இரண்டும் ஒன்றுதான். பெண்ணைப் பெற்றவன் அவளுக்கு வீடும் வைத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கேதான் வந்து குடியிருப்பார். 'கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடியேறிச்சாம்' என்று மாமன்மார் மருமக்களைச் சீண்டுவதும் உண்டு. அச்சிமுகம்மதுவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நுஸ்ஹா, இளையவள் ஹிதாயா. நுஸ்ஹாவுக்குக் கலியாணம் பேசி முடிந்ததும் வீட்டின் கிழக்குப் பக்கமாக ஒரு புது அறை இறக்கினார். கட்டில், அலுமாரி, கதவு, நிலை எல்லாம் புது மரம். கூறைச் சேலையும் வந்துவிட்டது. நுஸ்ஹாவே அதை மடித்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

கூறைக்குச் சட்டை தைக்க அளவு கொடுக்க வேண்டுமென்று, 2004ஆம் ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில், கடற்கரையோரம் இருந்த தையல்காரி வீட்டுக்குப் போனாள். அன்றைக்குத்தான் கடல் எழும்பி ஊருக்குள் வந்தது.

ஜனாஸாக்களைக் குளிப்பாட்டவும் ஆளில்லாத நாட்கள் அவை. நுஸ்ஹாவைக் கண்டெடுத்தவர்கள் பலரோடு சேர்த்து அவளையும் ஒரே குழியில் அடக்கிவிட்டார்கள். தகப்பன் தேடித் தேடி அங்கே போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. முகத்தைக் கண்ட ஒருத்தி, "ஓம் காக்கா, உங்கட புள்ளதான்" என்று அழுதாள். ஆனால் எந்த இடம் என்று கைகாட்ட அவளாலும் முடியவில்லை. தலைமாட்டில் அடையாளத்துக்கு ஒரு மீசான் கட்டை நடவும் வழியில்லாமல் போயிற்று.

இடுப்பளவு தண்ணீர் வீட்டுக்குள்ளும் புகுந்து வடிந்திருந்தது. புது அறையின் சேற்றை அவர் யாரையும் தொடவிடாமல் தன் கையாலேயே அள்ளினார். மேல்தட்டில் கூறை நனையாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்த இடத்தில்தான் அவர் மனது நின்றுபோனது. எல்லாவற்றையும் மகள் வைத்தபடியே வைத்து, ஜன்னலை இறுக்கிச் சாத்தி, கதவைப் பூட்டி, திறப்பை இடுப்பு வாரில் செருகிக்கொண்டார்.

"மரமெல்லாம் ஈரமாக் கெடக்கு. கொஞ்ச நாளைக்குத் துறந்து விடுங்களன்" என்றாள் மனைவி ஜெமீலா.

"கடல்தண்ணி குடிச்ச மரம் புள்ள. உப்பு ஊறின மரத்தக் கறையான் திரும்பியும் பாக்காது."

தோணிப் பலகையைப் பார்த்துப் பழகிய சனம் அப்படித்தான் நம்பும். தோணி வெயிலிலும் காற்றிலும் கிடக்கிறது, அறையோ இருட்டில் அடைந்து கிடக்கிறது என்ற வித்தியாசம் அந்த நேரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

பக்கத்து வளவுக்காரர் குடும்பத்தோடு அள்ளுண்டு போனவர். இடிந்த அந்த வீட்டுக் கூரையின் தீராந்திகளும் கைமரங்களும் கேட்பாரற்று உக்கிக் கிடந்தன. கறையான் அங்கேயிருந்துதான் கிளம்பியது. அறையின் வெளிச்சுவரில் முதல் மண்கோடு ஏறியதைக் கண்ட நாளிலிருந்து அச்சிமுகம்மது ஆளே மாறிப்போனார். கோட்டைச் சுரண்டி மண்ணெண்ணெய் பூசினார். அத்திவாரத்தைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்குக் கான் வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் கொட்டி, மேலே ஒயிலை ஊற்றினார். வேப்பெண்ணெய் நல்லதென்று யாரோ சொல்ல, அதையும் காய்ச்சி அடித்தார். பக்கத்து வளவுப் புற்றை அலவாங்கால் பிளந்து, விரல் பருமனில் வெள்ளையாய் நெளிந்த தாய்க் கறையானை வெளியே எடுத்து மிதித்த அன்று, அவர் முகத்தில் ஒரு சிரிப்பைக் கண்டதாக ஜெமீலா சொல்வாள். கொழும்பில் மருந்தடிக்கிற கம்பனிகள் இருப்பதாகவும், நிலத்தில் துளை போட்டு மருந்து இறக்குவார்கள் என்றும், அதற்கு எல்லா அறையையும் திறந்து கொடுக்க வேண்டுமென்றும் மச்சான் ஒருவர் விசாரித்து வந்து சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையோடு பேச்சு முடிந்தது.

காரைதீவு இராசதுரையும் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். வயல்காரர், அவருடைய வண்டி மாதத்தில் பாதி நாள் இவருடைய கடையில்தான் படுத்திருக்கும்.

"காக்கா, வெளியால ஊத்தி என்ன பலன்? கதவத் துறந்து விடுங்க. காத்தும் வெளிச்சமும் பட்டா அது தன்பாட்டுல போயிரும்."

"நீ உன்ட வண்டியப் பாரு தம்பி" என்று அச்சிமுகம்மது முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லோரும் சொன்னது அந்த ஒரே மருந்துதான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார். கதவைத் திறந்தால் உள்ளேயிருக்கும் காற்றுப் போய்விடும், அதில் மகளின் வாசம் இருக்கிறது என்று நினைத்தார். அப்படி நினைக்கிற ஒரு தகப்பனுக்கு யார்தான் என்ன புத்தி சொல்வது?

இப்படியே காலம் போய், 2009இல் ஒருநாள் யுத்தம் முடிந்துவிட்டதென்று பெரிய வீதியெல்லாம் பட்டாசு வெடித்தது. இராசதுரை அந்தக் கிழமை கடைப் பக்கம் வரவில்லை. அவருடைய தங்கை குடும்பம் வன்னியில் இருந்தது, ஒரு தகவலும் இல்லை. பட்டாசுச் சத்தம் அடங்கி அதிக நாளாகவில்லை, நிந்தவூரிலிருந்து ஹிதாயாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கடல் வந்தபோது பள்ளிக்கூடச் சட்டையோடு திரிந்தவள் இப்போது குமராகி நின்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வரப்போகிறார்களாம். அன்றைக்கு ஜெமீலா கையை நீட்டித் திறப்பைக் கேட்டாள்.

"வேற அறை கட்டித் தாறன்" என்றார் அவர்.

"எதால கட்டப் போறீங்க? ஒயிலாலயா?" ஜெமீலாவுக்கு அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. "மௌத்தான புள்ளைக்குக் கட்டிலும் அலுமாரியும். ஹயாத்தோட இரிக்கிற புள்ளைக்கு அந்த அறைவாசல்ல ஒரு பாய். நானும் அவளப் பெத்தவதான். எனக்குப் பத்தியெரியல்லியா? நாளைக்கி அல்லாஹ் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அவர் இரண்டு நாள் கடை திறக்கவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. மூன்றாம் நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து, தானே போய்த் திறப்பைப் போட்டார்.

பூட்டு ஒழுங்காகத்தான் திறந்தது. கதவைத் தள்ளியதும் நிலையின் ஒரு பக்கம் அதோடு சேர்ந்து சரிந்தது. வெளியே பூசிய பெயின்ட் மட்டும்தான் இத்தனை நாளும் நிலையாக நின்றிருக்கிறது, உள்ளே மரம் என்று ஒன்றும் மிச்சமில்லை. நிலத்தின் வெடிப்பு வழியாக ஏறிய மண் கட்டிலை மூடி, சுவரெல்லாம் கிளைவிட்டிருந்தது. அலுமாரி மாத்திரம் வார்னிஷ் பளபளப்போடு நின்றது. அவர் ஆசையோடு அதன் கைபிடியைத் தொட, கைபிடி கையோடு வந்தது. மேல்தட்டில் கூறை இருந்த இடத்தில் ஒரு மண்கட்டி. அதை இரு கையாலும் ஏந்தி எடுத்தார். சரிகை நூல் மட்டும் அங்கங்கே மினுங்கியது, மற்றதெல்லாம் விரலிடுக்கால் உதிர்ந்து கொட்டியது.

வெளியே நின்று அத்தனை வருடம் விரட்டியது உள்ளே குடியிருந்திருக்கிறது. அதற்கு இருட்டையும் ஈரத்தையும் கொடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாமல் காவலும் காத்துக் கொடுத்தது அவர்தான். அது விளங்கியதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். முதல் தடவை பிள்ளையைக் கடல் கொண்டுபோனது. இந்தத் தடவை யாரை ஏசுவது?

ஜெமீலா அழுதுகொண்டே விளக்குமாற்றை எடுத்து வந்தாள்.

"கூட்டாத!" என்று கத்தினார். "எது மண், எது புள்ளட உடுப்பெண்டு உனக்குத் தெரியுமா?"

அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். ஹிதாயாதான் உள்ளே வந்து, தகப்பனுக்குப் பக்கத்தில் அந்த மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"வாப்பா, உள்ள கறையான் இரிக்கிறது எனக்குத் தெரியும்."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"கதவுல காத வச்சிப் படுத்தா சின்னதா ஒரு சத்தம் கேக்கும். ராத்தா அலுமாரியத் துறந்து உடுப்புப் புரட்டுற மாதிரி. முதல்ல ராத்தாதான் எண்டு நினச்சன். பொறகு கறையான் எண்டு விளங்கிற்று."

"அப்ப ஏன் மகள் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க மருந்து ஊத்திருவீங்க. பொறகு அந்தச் சத்தமும் இல்லாமப் போயிரும் வாப்பா."

ஏசப்போகிறார் என்றுதான் ஜெமீலா பயந்தாள். அவர் ஏசவில்லை. அதே சுவருக்கு வெளியே அத்தனை வெள்ளிக்கிழமையும் குந்தியிருந்தவர், கையிலிருந்த மண்ணை மடியில் போட்டுக்கொண்டு, சின்ன மகளின் தோளைப் பிடித்து விம்மினார்.

"எனக்கு ஒருநாளும் கேக்கல்லியே மகள்."