பேட்ஜ் எண் 214 பணியில் இருக்கிறார்

பதினெட்டு ஆண்டு வேலையில் அவள் தாளில் விட்ட இடைவெளி ஒன்றே ஒன்றுதான். சட்டமன்றத்தில் பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் பிடித்து, தட்டச்சு செய்து, அவைக்குறிப்பில் சேர்ப்பது அவள் வேலை. உறுப்பினர்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்க, நடுவே பள்ளத்தில் கிடக்கும் மேசை அவளுடையது. கூராக்கிய எட்டுப் பென்சில்களோடு இறங்குவதால் 'பென்சில் அக்கா' என்று பெயர்.

பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை. அடுத்தவர் வந்து பின்னால் நின்று, இரண்டு வாக்கியம் தானும் சேர்ந்து எழுதிக்கொண்டு, தோளைத் தொடுவார், எழுந்துவிட வேண்டும். பாதிப் பேச்சில் உட்கார்ந்து பாதிப் பேச்சில் எழுந்தே அவளுக்கு நாற்பத்தாறு வயதாகிவிட்டது.

அவள் முழுதாகப் புரிந்துகொண்டது ஒரே ஓர் உறுப்பினரைத்தான். சொன்னதையே திரும்பச் சொல்வார் அவர். முன்னாள் பஸ் கண்டக்டர். அவையில் 'துணைக்கேள்வி' என்றால் எல்லோருக்கும் தெரியும். குடிநீர்க் குழாயோ, பள்ளிக் கழிப்பறையோ, அமைச்சர் பதில் சொன்னதும் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். இவர் மட்டும், யார் செய்தது, என்றைக்குச் செய்தது, அந்த ஆளை நான் பார்க்கலாமா என்று நின்றுகொண்டே இருப்பார். ஆளுங்கட்சி வரிசையிலிருந்து "டிக்கெட், டிக்கெட்" என்று கிண்டல் வரும். "எடுக்காதவங்கதான் முதல்ல கத்துவாங்க" என்பார்.

அன்று ஆம்புலன்ஸ் விவாதம். அவர் தொகுதியில் சித்தாள் வேலை பார்த்த ஒரு பெண் சாரத்திலிருந்து விழுந்துவிட்டாள். ஒன்றே முக்கால் மணி நேரம் போனில் கெஞ்சிப் பார்த்துவிட்டு, மணல் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. விதி என்று ஓர் உறுப்பினர் முணுமுணுத்தார். விதிக்கு அங்கே என்ன வேலை? வண்டி வரவில்லை என்றால், அனுப்பாத ஆள் ஒருவர் இருக்கிறார்.

வண்டிக்கு மூன்று ஓட்டுநர், ஒருவர்கூடக் குறைவில்லை என்றார் அமைச்சர்.

"பேரு வேண்டாங்க. பேட்ஜ் நம்பரைப் படிங்க" என்றார் துணைக்கேள்வி.

அமைச்சரும் சளைக்காமல் படித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு, பணியில். இருநூற்றுப் பதின்மூன்று, பணியில். இருநூற்றுப் பதினான்கு, பணியில்.

பென்சில் நின்றுவிட்டது.

214 அவள் கணவர், ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் மஞ்சள் காமாலையில் இறந்தவர். அவர்கள் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு: ஓட்டுநர் இறந்தால் அந்த எண்ணை வேறு யாருக்கும் தருவதில்லை, பேட்ஜை மனைவி கையில் கொடுத்துவிடுவார்கள். இந்த நிமிடம் அது அவள் வீட்டில், தையல் மிஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு நடுவே கிடக்கிறது.

தோளில் கை பட்டது. எப்படி எழுந்தாள், எப்படித் தட்டச்சு அறைக்குப் போனாள் என்பது அவளுக்கே தெரியாது. எல்லாவற்றையும் அடித்துவிட்டாள். 213-க்கு அடுத்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடும் தலைமைக் குறிப்பாளர் தாளைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"உன் கையால அதை அடிக்க வேண்டாம்மா. 'கூச்சல் காரணமாகக் கேட்கவில்லை'ன்னு போட்டுடலாம். வழக்கம்தானே."

பரிவோடுதான் சொன்னார். அவளும் தலையாட்டிவிட்டாள். விரல் விசைக்குப் போன பிறகுதான் உறைத்தது: இந்த இடம் வெள்ளையாகப் போனால், அமைச்சர் அதைச் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும். செத்தவரை வேலைக்கு அனுப்பிய பொய்க்கு இருக்கும் ஒரே சாட்சி அவள் தாள்தான். 'இருநூற்றுப் பதினான்கு, பணியில்' என்று அடித்தாள்.

வீட்டில் மகளிடம் சொன்னாள். கல்லூரி முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கும் பெண். அப்பாவைப் போலவே வெடுக்கென்று பேசுவாள். "டூட்டிக்கு ஒழுங்கா போறவரு, வீட்டுக்கு மட்டும் ஏம்மா வரமாட்டேங்கறாரு? கேட்டுச் சொல்லு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றபோது இருவருக்கும் முகம் நனைந்திருந்தது.

அவை நடவடிக்கை பற்றி ஊழியர் எந்த உறுப்பினரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வேலை போய்விடும். ஆனால் அவளும் அவர் தொகுதி வாக்காளர்தான். சனிக்கிழமை அவருடைய மனு வரிசையில் நின்றாள். பதினெட்டு ஆண்டு அவருக்கு நாலடி தூரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் பார்த்ததெல்லாம் அவள் உச்சி வகிடுதானே.

இறப்புச் சான்றிதழை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பேட்ஜை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க டிப்போலயும் இப்படித்தாம்மா. நம்பரும் ஆளோட போயிடும்" என்றார். பிறகு, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"எழுதற வேலைங்க."

அடுத்த செவ்வாய், அவள் முறை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்தார். 214 இறந்து ஆறு வருடம் ஆகிறது என்றார். அமைச்சர் சிரித்தபடி வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் செய்து, அவள் முன்னாலிருந்த அவை மேசையில் விரித்துவைத்தார்.

"நேத்து காலைல எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டிருக்காரு. பாத்துக்கலாம்."

எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். நேற்று மட்டுமல்ல, பக்கம் முழுக்க, நாள் தவறாமல், அவள் கணவர் பெயர் இருந்தது. முத்து முத்தான கையெழுத்து. அவர் எழுதினால் கோழி கிளறியது போல இருக்கும்.

துணைக்கேள்வி பேட்ஜை உயர்த்திப் பிடித்தார். அப்படியானால் இது யாருடையது என்று கேட்டார். போலி என்றார் அமைச்சர். கொடுத்தது யார் என்று அவைத்தலைவர் கேட்டார். மனு கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்றார் துணைக்கேள்வி.

"ஆதாரம் யாருன்னு சொல்லலன்னா, நீங்க பேசினது மொத்தத்தையும் குறிப்பிலேருந்து நீக்கச் சொல்லிடுவேன்."

அவர் சொன்னதையெல்லாம் அவளே எழுதி, பிறகு அவளே கோடு போட்டு அடிக்க வேண்டும். மணல் வண்டியில் போன அந்தப் பெண்ணும் சேர்ந்து அடிபட்டுப் போவாள். வேலை, வீட்டு வாடகை, மகளின் இரண்டு வருடம் எல்லாம் அவள் மனதில் வந்தன. பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்தாள். அந்தப் பள்ளத்திலிருந்து யாரும் ஒருநாளும் பேசியதில்லை.

"அது என் வீட்டுக்காரர் பேட்ஜுங்க. நான்தான் கொடுத்தேன். பதிவேட்டுல இருக்கறது அவர் கையெழுத்து இல்லை."

ஒருவரும் அசையவில்லை. அமைச்சரின் வாய் திறந்தபடி இருந்தது. துணைக்கேள்வி அவளைப் பார்த்துக்கொண்டே மெல்ல உட்கார்ந்துவிட்டார். அவர் தானாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அவளை மாற்ற வந்து பின்னால் நின்றவர், முறைப்படி, சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

மாலைக்குள் அவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். ஒரு மாதத்துக்குள் விசாரணைக் குழு அந்தப் பதிவேட்டில் இன்னும் இருபத்தாறு பேரைக் கண்டுபிடித்தது. சிலர் இறந்தவர்கள், சிலர் ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளை பார்ப்பவர்கள்; எல்லோர் கையெழுத்தும் முத்து முத்தாக இருந்தது. அதற்கு முன்பே, அன்று மாலை, அவள் பேசிய வரிகளைக் குறிப்பில் என்ன செய்வது என்று அமைச்சர் அலுவலகத்திலிருந்து சித்தப்பாவைக் கேட்டார்கள். கூச்சல் காரணமாகக் கேட்கவில்லை என்று போட்டுவிடலாமே, வழக்கம்தானே என்றார்கள்.

"கூச்சலே இல்லையேங்க" என்றார் சித்தப்பா.